இல்லத்தில் கலை வரலாறு: கோம்பிரிக்கின் நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தல் என்றதும் நம் நினைவில் எழுவது இரண்டு மலைகள், அவற்றின் நடுவே ஒரு சூரியன், கீழே ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை என்னும் மாறாத காட்சியே. ஆசிரியர் கரும்பலகையில் வரைவார். பிள்ளைகள் பார்த்து வரைவர். தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். இதற்கு மாறான ஒரு கருத்தும் உண்டு. கைக்குப் பயிற்சி தருமுன் கண்ணுக்குப் பயிற்சி தரவேண்டும். மனித குலம் இதுவரை எவற்றையெல்லாம் வரைந்தது, செதுக்கியது, நெய்தது, கட்டியது என்பதைக் கண்டறிந்த பிள்ளை தானும் ஒன்றைச் செய்ய விழையும் என்பதே அக்கருத்து. கலையைக் கலை வரலாற்றின் வழியே, அதுவும் இல்லத்திலேயே கற்பிக்கும் இம்முறைக்கு மேலைநாடுகளில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) ஓவிய நோக்கு என்பதைப் பாடத்திட்டத்தின் ஓர் உறுப்பாகவே அமைத்தார். பிள்ளையின் கையில் ஒரு சிறந்த ஓவியத்தின் அச்சுப்படி தரப்படும். அதைச் சற்றுநேரம் உற்று நோக்கியபின் படம் மறைக்கப்படும். கண்டதைப் பிள்ளை தன் சொற்களில் சொல்லவேண்டும். பாடம் முடிந்தபின் மாணவர் வட்டமாய் அமர்ந்து உஸ்தாத் சொன்னதைத் தமக்குள் திரும்பச் சொல்லும் ‘தக்ரார்’ முறையை அறிந்தோர்க்கு இது அந்நியமாய்த் தோன்றாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த கால்வர்ட் பள்ளி 1906 முதல் வீட்டிலிருந்தே பயிலும் பிள்ளைகளுக்குப் பாடங்கள் அனுப்பிவந்தது. அதன் தலைமையாசிரியர் ஹில்லியர் எழுதத் தொடங்கிய சிறுவர் கலை வரலாற்று நூல் அவர் மறைவுக்குப்பின் 1933இல் வெளிவந்தது. ஆயினும் இத்துறையில் உலகெங்கும் இல்லங்களுக்குள் நுழைந்த நூல் எர்ன்ஸ்ட் கோம்பிரிக் எழுதி 1950இல் வெளியான ‘கலையின் கதை’யே ஆகும். நம் சமுதாயத்தின் படித்த இல்லங்கள் சிலவற்றிலும் அந்நூல் இடம்பெற்றுள்ளது. நம் இல்லத்திலும் உண்டு. அதனைப் பிள்ளைகளோடு அமர்ந்து படித்த அனுபவத்தின் அடிப்படையிலேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நூலின் சிறப்பு

குறை சொல்லப் புகுமுன் நிறையைச் சொல்லிவிடுதல் நேர்மை. 1909இல் வியன்னாவில் பிறந்து, 1936இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, 2001இல் அங்கேயே மறைந்த கோம்பிரிக், அதற்கு முன்பே 1935இல் ஜெர்மன் மொழியில் சிறுவர்க்கென ஓர் உலக வரலாறு எழுதியவர். ‘கலையின் கதை’யையும் பதின்ம வயதினரை முதன்மையாக மனத்திற்கொண்டே எழுதியதாக முன்னுரையில் கூறுகிறார். பிள்ளைகளுக்கு எழுதுவதென்றால் தாழ்ந்து எழுதவேண்டும் என்று அவர் கருதவில்லை. துறைச் சொற்களால் அச்சுறுத்துவதை மட்டும் தவிர்த்தார். படமாகக் காட்ட இயலாத எதனையும் பற்றிப் பேசுவதில்லை என்றும் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். கண்ணெதிரே படத்தை வைத்துக்கொண்டு, ‘இதோ பார்’ என்று விரல்நீட்டிப் பேசும் ஆசிரியரின் குரல் நூல் முழுவதும் கேட்கிறது. 1995இல் வந்த பதினாறாம் பதிப்பில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

இருபத்தெட்டு அத்தியாயங்களையும் கோத்து நிற்கும் ஒரு சரடு உண்டு. எகிப்தியர் தாம் அறிந்ததை வரைந்தனர்; கிரேக்கர் தாம் கண்டதை வரையக் கற்றனர்; இடைக்கால ஐரோப்பியர் தாம் உணர்ந்ததை வெளிப்படுத்தக் கற்றனர்; பின்வந்தோர் மீண்டும் காட்சியுலகை நோக்கித் திரும்பினர். இவ்வளவு எளிய சரடில் பல்லாயிரம் ஆண்டுகளைக் கோத்தது பெரும் சாதனை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதைப் பற்றிக்கொண்டு நடக்கமுடிகிறது. ஓரிடத்தில் பெற்றது இன்னோரிடத்தில் இழந்ததோடு சேர்ந்தே வரும் என்றும், கலை வரலாற்றை வெறும் முன்னேற்றமாகக் கருதலாகாது என்றும் ஆசிரியரே எச்சரிக்கிறார். இந்நேர்மையும் போற்றத்தக்கதே.

ஏழாம் அத்தியாயம்

அந்தச் சரடு நம்மிடம் வரும்போது என்ன ஆகிறது? இஸ்லாமியக் கலைக்கு நூலில் கிடைப்பது ஏழாம் அத்தியாயத்தின் முற்பகுதி மட்டுமே. ‘கிழக்கை நோக்கி’ என்னும் தலைப்பில் இஸ்லாமும் சீனமும் ஒரே அத்தியாயத்துக்குள் அடைக்கப்பட்டுள்ளன. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையிலுள்ள சிங்க முற்றம், ஒரு பாரசீகக் கம்பளம், ஓர் இளவரசன் தோட்டத்தில் இளவரசியைச் சந்திக்கும் பாரசீகச் சிற்றோவியம் ஆகியவை காட்டப்படுகின்றன. பின்னர் பேச்சு சீனத்துக்குச் செல்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் கதை ஐரோப்பாவுக்குத் திரும்புகிறது. அதன்பின் நமக்கென ஓர் அத்தியாயம் இல்லை.

நம் இளைய மகள் அந்நூலை ஓரளவு படித்து முடித்த நாளில் கேட்டாள்: “வாப்பா, ஏழாம் அத்தியாயத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க ஒண்ணுமே செய்யலையா?”

இக்கேள்வியை நாம் எளிதாய்த் தள்ளிவிடவில்லை. அவள் நூலைத் தவறாகப் படிக்கவுமில்லை. முன்னேற்றமாகக் கருதாதே என்று ஆசிரியர் வாயால் சொல்கிறார். ஆனால் நூலின் அமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. பிள்ளைகள் எச்சரிக்கைகளை மறந்துவிடுவர், வரிசையை மறக்கமாட்டார்கள். யார் முதலில் வந்தார், யார் இடையில் வந்து போனார், யாரிடம் கதை சென்று முடிந்தது என்பதே அவர்கள் மனத்தில் படிகிறது. வரலாற்று நூல் செய்திகளைத் தருவதோடு நில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு ஓர் இருக்கையையும் ஒதுக்கித் தருகிறது. நம் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை ஏழாம் வரிசையில், ஒரு ஓரத்தில் இருக்கிறது.

காலக்கணக்கையும் நோக்கவேண்டும். அத்தியாயத்தின் தலைப்பு 2ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை என்று வரையறுக்கிறது. ஆனால் சிங்க முற்றம் 14ஆம் நூற்றாண்டுக்குரியது. அந்தச் சிற்றோவியமோ 15ஆம் நூற்றாண்டுக்குரியது. மேலைநாட்டு ஓவியன் எவனுக்கும் இவ்வாறு நேர்ந்திருக்காது. அவனுக்குப் பத்தாண்டு முன்பின் ஆனாலும் அத்தியாயம் மாறும். நம் கலை காலத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றாய், எப்போதும் அப்படியே இருந்ததாய்க் காட்டப்படுகிறது. மாறாதது என்று காட்டப்படும் ஒன்றுக்குக் கதை இருக்கமுடியாது. ஸினான் என்னும் கட்டடக்கலை வல்லுநர் எதிர்னே நகரில் ஸெலிமிய்யா பள்ளிவாசலை 1575 அளவில் முடித்ததும், ஷாஜஹான் ஆக்ராவில் தாஜ்மகாலை எழுப்பியதும் எந்த நூற்றாண்டுகளில் நிகழ்ந்தனவோ, அந்த நூற்றாண்டுகளுக்குரிய அத்தியாயங்கள் ஐரோப்பாவையே பேசுகின்றன.

இது பகைமையால் விளைந்தது என்று நாம் சொல்லவில்லை. கண்ணால் காண்பதை எவ்வாறு வரைவது என்னும் சிக்கலே கதையின் மையம் என்று வைத்துக்கொண்டால், காண்பதை வரைவதைத் தன் இலக்காகக் கொள்ளாத கலை அக்கதையில் கிளைக்கதையாகவே இருக்கமுடியும். சரடு எளிதாய் அமைந்ததற்குக் கொடுத்த விலை இது. கோம்பிரிக்கும் இதனை உணராதவர் அல்லர். 1979இல் அணியலங்காரத்தின் உளவியலைப் பற்றி ‘ஒழுங்கின் உணர்வு’ என்னும் பெருநூலை அவர் எழுதினார். ஆனால் இல்லங்களில் பிள்ளைகள் கையில் இருப்பது அந்நூலன்று.

தடையும் படைப்பும்

அடுத்துக் காரணம் பற்றிய சிக்கல். உருவம் வரையத் தடை இருந்ததால் முஸ்லிம் கலைஞரின் கற்பனை கோடுகளிலும் வண்ணங்களிலும் பாய்ந்தது என்பதே அந்நூல் தரும் விளக்கம். அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நன்றி சொல்லும் தொனியிலேயே ஆசிரியர் எழுதுகிறார் என்பதையும் குறிப்பிடவேண்டும். இவ்விளக்கத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. உருவம் செய்வோரைக் கண்டிக்கும் நபிமொழிகள் ஸஹீஹான நூல்களில் உள்ளன. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் அறிவுறுத்தியதும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே இறக்கை கொண்ட குதிரை ஒன்று இருந்ததும், அதுகுறித்து அவர்கள் சொன்ன விடையைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மத்ஹபுகளின் அறிஞர் பெருமக்களிடையே இப்பொருளில் விரிவான கருத்துவேறுபாடுகள் உண்டு. நாம் இங்கே ஃபத்வா வழங்க முற்படவில்லை.

நம் கேள்வி வரலாறு பற்றியது. ஒரு கலையை அதில் இல்லாத ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கமுடியுமா? சுவர் எழுப்பியதால் ஆறு திசைமாறியது என்பது சரியே. ஆனால் ஆற்றில் நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டாமா? தடை மட்டுமே காரணமாயின் விளைவது வெறுஞ்சுவராகத்தான் இருக்கும்.

நீர் வந்த ஊற்றுகள் இரண்டைச் சுட்டலாம். முதலாவது, எழுத்து. குர்ஆனை எழுதும் கடமை எழுத்தை அழகின் உச்சிக்கு உயர்த்தியது. அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா (இறப்பு 940) பேனாமுனை பதிக்கும் புள்ளியை அளவாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் விகிதம் வகுத்தார். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துள் பிற எழுத்துகளின் வளைவுகள் அடங்கும். அவருக்குப்பின் வந்த இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல், அதாவது 1000–1001இல், பக்தாதில் எழுதிய குர்ஆன் பிரதி இன்றும் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. இரண்டாவது, வடிவியல். பக்தாதின் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940–998) கைவினைஞர்க்கு வேண்டிய வடிவியல் அமைப்புகளைப் பற்றித் தனிநூலே எழுதினார். கணிதரும் கைவினைஞரும் கூடி விவாதித்த செய்தியும் அதில் உண்டு. ஏட்டறிவும் தொழிலறிவும் ஒரே அவையில் அமர்ந்த நாகரிகம் அது. இவை தடையால் பிறந்த மாற்றுவழிகள் அல்ல. தம்மளவில் நிறைவான தேடல்கள்.

உருவமும் முற்றாக அற்றுப்போகவில்லை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் மொசைக் சுவர்களில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் உண்டு, மனிதர் இல்லை. ஏறத்தாழ அதே உமையாக்கள் காலத்தில் ஜோர்தானின் பாலைநிலத்தில் கட்டப்பட்ட குஸைர் அம்ராவின் சுவர்களிலோ மனித உருவங்கள் நிறைந்துள்ளன. தொழுமிடத்துக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று என்று இடமறிந்து பிரித்த ஒரு சமுதாயத்தைக் காண்கிறோம். ‘தடை’ என்னும் ஒற்றைச்சொல் இதை விளக்கப் போதாது.

நம் பக்கத்துக் குறை

அயலாரின் நூலைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மகளின் கேள்விக்கு விடைதேடியபோது நம் குறையே முதலில் வெளிப்பட்டது.

பஸராவின் ஹரீரீ (இறப்பு 1122) எழுதிய ‘மகாமாத்’ நம் அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாய்ப் பாடநூல். நாமும் பல்லாண்டுகள் அதை நடத்தியுள்ளோம். அருஞ்சொற்களுக்குப் பொருள் சொன்னோம், இஃராப் பிரித்தோம், சிலேடைகளை விளக்கினோம். அதே நூலுக்கு யஹ்யா பின் மஹ்மூத் அல்வாஸித்தி ஹிஜ்ரி 634இல், அதாவது 1237இல், தம் கையால் எழுதித் தம் கையாலேயே தீட்டிய தொண்ணூற்றொன்பது சித்திரங்கள் கொண்ட பிரதி பாரிஸின் தேசிய நூலகத்தில் இருப்பதை ஐம்பதை நெருங்கும் வயதில்தான் அறிந்தோம். அந்நூலகம் அதை இணையத்தில் எவரும் காணும்படி வைத்துள்ளது.

இரண்டாம் மகாமாவில் நூலகக் காட்சி வரும். கந்தலாடையோடு உள்ளே வரும் அபூஸைத் கடைசியில் அமர்ந்து, பக்கத்திலிருப்பவரிடம் என்ன நூல் பார்க்கிறீர் என்று கேட்பார். அவ்வரிகளை நாம் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். அந்நூலகம் எப்படி இருந்தது என்று ஹரீரீ சொல்லவில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. வாஸித்தியின் சித்திரத்தில் சுவர்மாடங்களில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்பட்டுள்ளன. இன்றுபோல் நிறுத்திவைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒரு வரலாற்றுச் செய்தியை ஓவியன் சொல்கிறான், ஆசிரியர் சொல்லவில்லை. முப்பத்திரண்டாம் மகாமாவின் ஒட்டகக் கூட்டத்தைக் கண்ட நம் மகள் கழுத்துகளையும் கால்களையும் எண்ணத் தொடங்கி நெடுநேரம் நூலை விடவில்லை. பிறகு, “இதை உங்க பிள்ளைகளுக்குக் காட்டினீங்களா, வாப்பா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நம் மாணவர்களை. இல்லை என்பதே நம் விடை.

அடுத்த பாட ஆண்டில் காட்டினோம். சில மாணவர் முகம்சுளித்தனர். ஒருவர் எழுந்து ஹுக்மு என்ன என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். உயிருள்ளவற்றின் உருவம் வரைவதைக் கடுமையாகத் தடுக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தை ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையிலிருந்து அதே வகுப்பில் படித்தோம். இமாமவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 631இல். வாஸித்தி அப்பிரதியை முடித்தபோது அவர்கள் சிரியாவின் நவா என்னும் ஊரில் மழலை மாறாத குழந்தை. ஓவியனும் அவனைக் கண்டித்திருக்கக்கூடிய இமாமும் ஒரே நூற்றாண்டின் மக்கள். ஒரே நாகரிகத்தின் பிள்ளைகள். மகாமாத்தின் வேறொரு பழம்பிரதியில் பிற்காலத்தவர் எவரோ உருவங்களின் கழுத்துக்குக் குறுக்கே கோடு கிழித்திருப்பதையும் மாணவர்களுக்குச் சொன்னோம். வரைந்த கையும் நம்முடையது; கோடு கிழித்த கையும் நம்முடையது. இரண்டில் ஒன்றை மறைத்துச் சொல்வது வரலாறு ஆகாது.

ஆனால் நம்மிடையே நடப்பது என்ன? ‘ஓவியம் ஹராம்’ என்று ஒற்றைச் சொல்லில் கதவடைப்போர் ஒருசாரார். ‘எல்லாவற்றையும் நாமே உலகுக்குத் தந்தோம்’ என்று பட்டியல் வாசிப்போர் மறுசாரார். முன்னவர் பிள்ளையைப் பார்க்கவிடுவதில்லை. பின்னவர் பார்க்காமலே பெருமைப்படச் சொல்லிக்கொடுக்கின்றனர். இவ்விரண்டோடும் ஒப்பிட்டால் கோம்பிரிக் பிள்ளைக்குச் செய்த நன்மை பெரிது. அவர் பார்க்கவாவது சொல்கிறார்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

எனவே அந்நூலை ஒதுக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனைத் தனியே படிக்கவிடலாகாது என்பதே நம் கருத்து. ஏழாம் அத்தியாயத்தை அடைந்ததும் நூலை மூடிவைத்துவிட்டு, சில மாதங்கள் வீட்டிலும் ஊரிலும் உள்ளவற்றைப் பார்க்கவேண்டும்.

முதலில், பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரையை நுண்ணிதாய்க் கிழித்துச் சாயமேற்றி நெய்யும் பாய் திருமண வீடுகளில் மணமக்கள் பெயரோடு விரிக்கப்படுவதை அறிவோம். அதன் ஓரக்கட்டங்களைப் பிள்ளை கட்டத்தாளில் எண்ணி வரையட்டும். ஒரு வடிவம் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று கண்டறியட்டும். அல்ஹம்ராவின் ஓடுகளுக்குள் நுழையும் வாசல் அந்தப் பாயிலேயே இருக்கிறது.

அடுத்து, கவராயமும் நாணற்பேனாவும். ஒரு வட்டம் வரைந்து, அதன் ஆரத்தை மாற்றாமல் சுற்றளவில் நடந்தால் ஆறே அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துசேரலாம். அங்கிருந்து அறுகோணமும் ஆறுமுனை விண்மீனும் பிறக்கும். அலிஃபைப் புள்ளிகளால் அளந்து எழுதச் செய்யலாம். தன் கையெழுத்துக்கு ஏன் அழகில்லை என்று உபதேசம் இல்லாமலே பிள்ளைக்குப் புரிந்துவிடும். உருவம் வரைவதில் பேணுதல் உடைய குடும்பத்தாருக்கும் இவற்றில் தயக்கம் இருக்க இடமில்லை.

மூன்றாவதாக, பள்ளிவாசல். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கற்பள்ளிகளின் தூண்கள் இப்பகுதிக் கோயில் மண்டபத் தூண்களின் அமைப்பையே கொண்டவை. ஆயினும் தெய்வ உருவங்கள் இல்லை. பூவும் கொடியும் வடிவியல் கோலமும் உண்டு. மெஹ்ர்தாத் ஷுகூஹி என்னும் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூலில் இப்பள்ளிகளை அளந்து பதிவுசெய்துள்ளார். ஒரு தூணின் முன் பிள்ளையை நிறுத்தி, சிற்பி எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று கேட்போம். தடைக்கும் படைப்புக்கும் உள்ள உறவை எந்த நூலையும்விட அத்தூண் தெளிவாகச் சொல்லும்.

நான்காவதாக, சித்திரம் உள்ள நூல்கள். பஞ்சதந்திரக் கதைகளின் வழிவந்த ‘கலீலா வ திம்னா’வின் முன்னுரையில் இப்னுல் முகஃப்பஃ, விலங்குகள் வாயிலாகக் கதை சொல்வது இளையோரை ஈர்க்கும் என்றும், அவ்விலங்குகளைப் பல வண்ணங்களில் தீட்டிக் காட்டுவதும் நூலின் நோக்கங்களுள் ஒன்று என்றும் குறிப்பிடுகிறார். 8ஆம் நூற்றாண்டிலேயே அரபு உரைநடையின் முன்னோடி ஒருவருக்கு இளையோரின் மனமும் சித்திரத்தின் பயனும் தெரிந்திருந்தன. நம் பாடநூல்கள் அம்முன்னுரையை அச்சிடுகின்றன, சித்திரத்தை அச்சிடுவதில்லை.

இத்தனையும் முடித்து எட்டாம் அத்தியாயத்துக்குச் செல்லும் பிள்ளை ஐரோப்பாவின் ஓவியங்களைத் தாழ்வுணர்ச்சியும் இன்றி, வெறுப்பும் இன்றி ரசிக்கும். அவர்கள் ஒரு சிக்கலுக்கு விடை தேடினார்கள், நம்மவர் வேறொரு சிக்கலுக்கு விடை தேடினார்கள் என்பது அதற்கு விளங்கிவிடும். எம் மகளின் முதற்கேள்விக்கு நாம் கண்ட விடை அதுவே. அது அவளுக்கு முழு நிறைவு அளித்ததா என்றால், இல்லை. “அப்படின்னா அதை யாரும் ஏன் எங்களுக்கு எழுதலை?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

கோம்பிரிக் நமக்காக எழுதவில்லை என்று வருந்திப் பயனில்லை. அவர் தம் பிள்ளைகளுக்கு, தம் சரடு கொண்டு, தம் கடமையைச் செய்தார். தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் கையில் கொடுக்க, பத்தமடைப் பாயில் தொடங்கி, காயல்பட்டினத்துத் தூண் வழியே பக்தாதுக்கும் கிரனாடாவுக்கும் செல்லும் ஒரு கலை வரலாறு தமிழில் எழுதப்படவேண்டும். படங்கள் தெளிவாக அச்சிடப்படவேண்டும். கருத்துவேறுபாடுகள் மறைக்கப்படாமல் சொல்லப்படவேண்டும். அரபுக் கல்லூரிகளில் மொழியறிந்தோர் இருக்கிறோம்; பல்கலைக்கழகங்களில் வரலாறு பயின்றோர் இருக்கின்றனர். இருசாராரும் ஓர் அவையில் அமர்ந்தால் அது இயலாத காரியமன்று. அதுவரை, ஏழாம் அத்தியாயத்துக்கு வந்ததும் நூலை மூடிவைத்துப் பாயை விரிக்கும் பொறுப்பு பெற்றோராகிய நம்முடையதே.